உப்புப் பார்க்காத சோறு

விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எங்கள் மெத்தைக் கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு சாக்குப் படுதா. படுதா இருந்து என்ன பிரயோஜனம்? பஞ்சு எங்கள் சோற்றிலும் இருக்கும், தலைமுடியிலும் இருக்கும், குடிக்கிற தண்ணீரிலும் மிதக்கும். என் வீட்டுக்காரர் காலையில் பஞ்சடிக்கிற வில்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் தலை, புருவம், தாடி எல்லாம் வெளுத்துக் கிழவராகிவிடுவார். குளித்துவிட்டு வந்தால் மறுபடி வாலிபம்.

சுற்று வட்டாரத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும், எந்த ஜாதியாக இருந்தாலும், மெத்தை எங்கள் கடையில்தான். நாங்கள் தைத்துக் கொடுத்த மெத்தையில் படுத்தவர்கள் அடுத்த வருஷம் தொட்டில் மெத்தை கேட்டுக்கொண்டு வருவார்கள். அதையும் தைத்துக் கொடுப்போம். எங்களுக்கென்று ஒரு தொட்டில் மெத்தை தைக்கிற வேலை மட்டும் வரவே இல்லை. கல்யாணமாகி எட்டு வருஷமோ ஒன்பது வருஷமோ ஆகியிருந்தது. நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. கணக்கு வைத்துக்கொள்ளத் திண்டிவனத்தில் ஆள் இருந்தது.

ஆள் என்றது என் நாத்தனாரை. என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா. தாய் செத்தபோது இவர் கைக்குழந்தை. இடுப்பில் தூக்கி, சோறூட்டி, ஓதப் பள்ளிக்கு அனுப்பி, வில் பிடிக்க ஏற்பாடு செய்து, என்னைப் பார்த்துக் கட்டி வைத்தது வரை அவர்தான். கெட்ட மனுஷி என்று சொல்ல மாட்டேன். ரயில் ஏறி விழுப்புரம் வருவார், வாசலில் செருப்பைக் கழற்றுவார், என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைப் பார்ப்பார். அப்புறம்தான் சலாம்.

வானூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்து வைத்திருப்பதாக ஒருநாள் சொன்னார். நல்ல குடும்பம், அமைதியான பெண், அவள் அக்காமார்கள் எல்லாருக்கும் வரிசையாகப் பிள்ளைகள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அதனால் என் கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெருமூச்சு விட்டார். இரண்டு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் பெருமூச்சு விடுவது அவர் சுபாவம். பேசியே தீர வேண்டும் என்று அக்கா விடாப்பிடியாக நின்றபோது ஒன்று சொன்னார்.

"ஹஜ்ரத் வரட்டும்க்கா. அவர் சொல்றபடி செஞ்சிக்கலாம்."

அக்காவுக்கு இது போதும். எனக்கும் புரிந்துவிட்டது. ஹஜ்ரத் ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் என் வீட்டுக்குள் இன்னொருத்தி வருவாள். எங்கள் மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது. எங்கள் வீட்டில்தான் இடம் இல்லை. இருந்தது ஒரே அறை. நான் வெளியில் சிரித்துக்கொண்டு திரிந்தேன். இந்த மனுஷரை எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் என் கஷ்டம். பிடிக்காமல் இருந்திருந்தால் வருகிறவளிடம் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

ஹஜ்ரத் யாரென்று சொல்லவில்லையே. தெற்கே கடற்கரைப் பக்கம் ஏதோ ஊரிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற பெரியவர். சூஃபி வழியில் வந்தவர். அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தவர்களுக்கு முரீது என்று பெயர், சீடர் மாதிரி. திண்டிவனம், விழுப்புரம், கூட்டேரிப்பட்டு என்று அவருக்குக் கொஞ்சம் முரீதுகள் இருந்தார்கள். வருகிறபோது தங்குவது என் நாத்தனார் வீட்டில். நாத்தனாருடைய மகன்கள் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை வியாபாரம், வைத்து நன்றாக இருந்தார்கள், வீடும் பெரிசு.

என் வீட்டுக்காரர் முரீதானது அதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னால். அதிலிருந்து வில்லை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு திக்ரு, அதாவது அல்லாவின் பெயரை ஒரு தரம் சொல்லுவது. வில் நாண் ஙொய்ங் என்னும், இவர் அல்லா என்பார். பகல் பூரா ஙொய்ங், அல்லா. ரயில்வே துரை பங்களாவிலிருந்து தலையணைக்கு வந்த பட்லர், மெத்தைக்குள் ஏதாவது மந்திரம் வைத்துத் தைக்கிறாரா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். பஞ்சுதான் வைக்கிறார், அதுவும் சரியான எடைக்கு வைக்கிறார் என்று சொன்னேன்.

ஹஜ்ரத்திடம் கேட்டு வந்ததைச் சாப்பிடுகிறபோது எனக்குச் சொல்லுவார். இவருக்கு ஞாபகசக்தி கொஞ்சம் மட்டு. துண்டு துண்டாகத்தான் வரும். ஒன்றை மட்டும் அடிக்கடி சொல்லுவார்: ஆதியில் அல்லா மறைஞ்ச புதையலாக இருந்தான், தன்னை அறிய ஒருத்தர் வேணும்னு பிரியப்பட்டான், அதனால் எல்லாத்தையும் படைச்சான். யார் மறைத்து வைத்தது என்று நான் கேட்டேன். யாருமே இல்லாதபோது யார் மறைப்பது என்று அவர் திருப்பிக் கேட்டார். யாருமே இல்லையென்றால் அதற்குப் பெயர் மறைவா, வீட்டில் தனியாக இருந்தேன் என்றுதானே சொல்ல வேண்டும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார்.

கேலி செய்தேனே தவிர, அந்தப் புதையல் என் மனசை விட்டுப் போகவில்லை. பாத்திரம் கழுவுகிறபோதும் அதுதான், தண்ணீர் இறைக்கிறபோதும் அதுதான். உள்ளே இவ்வளவு இருந்தும் ஒருத்தரும் பார்க்காமல் கிடப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். நாத்தனார் என்னைப் பார்க்கிறபோது அவருக்குத் தெரிந்தது ஒரு காலி வயிறுதான். அதற்கு மேல் ஒரு மனுஷி இருப்பது அவர் கண்ணில் படவே இல்லை.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், வெயில் ஏறாத மாசம். ஹஜ்ரத் வந்துவிட்டார், ஒரு அவுலியாவின், அதாவது மறைந்த இறைநேசரின், பெயரில் பாத்திஹா ஓதி முரீதுகளுக்கெல்லாம் சாப்பாடு என்று திண்டிவனத்திலிருந்து ஆள் வந்து சொன்னது. நெய்ச்சோறு நான் ஆக்க வேண்டும் என்று நாத்தனார் சொல்லி அனுப்பியிருந்தார். என் நெய்ச்சோற்றுக்கு நல்ல பெயர் உண்டு. என்னை விரட்டுவதற்கான விருந்தை என் கையாலேயே ஆக்கச் சொல்கிறாரே என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனாலும் நன்றாக ஆக்க வேண்டும் என்றுதான் ரயில் ஏறினேன். கோபத்தைச் சோற்றில் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பாத்திஹாவுக்கு ஆக்குகிற சோற்றை ஓதி முடிக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. ஒரு பருக்கை கூடாது. குழம்பைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பதும் கூடாது. மற்ற நாளில் உப்புப் பார்க்காமல் சமையலை இறக்கினால் எந்த வீட்டு மாமியாரும் திட்டுவாள். அன்றைக்கு உப்புப் பார்த்தால் திட்டுவாள். கை அளவில் போட வேண்டியது, மீதியை அல்லாவிடம் விட வேண்டியது.

காலையிலேயே கொல்லைப் பக்கம் பெரிய தேக்சாவை அடுப்பில் ஏற்றியாகிவிட்டது. தேக்சா என்றால் ஒரு ஆளை உட்கார வைக்கலாம், அத்தனை பெரிய செம்புப் பாத்திரம். தண்ணீர் கொதித்ததும் மரக்காணத்துக் கல்லுப்பைக் கை நிறைய அள்ளி, வேண்டிய அளவு போட்டேன். ஜாடியை மூடிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கறி கழுவக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அந்த வீட்டில் எத்தனை பேர் சமைத்தாலும் உப்புப் போடுகிறது மூத்தவர் கைதான் என்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் மூத்தவளும் நான்தான், இளையவளும் நான்தான். நாத்தனார் வந்திருக்கிறார், ஜாடி இருந்த இடத்தில் இருப்பதைப் பார்த்திருக்கிறார், பிஸ்மி சொல்லித் தன் கையால் தாராளமாகப் போட்டிருக்கிறார். அவர் கை என் கையைவிடப் பெரிசு. அரிசி வெந்து தம் போடுகிறபோது நாங்கள் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றோம். வாசனை நன்றாக வருகிறது என்று அவர் சொன்னார். ஆமாம்க்கா என்றேன். வாசனையில் உப்புத் தெரியாது.

மத்தியானம் லுஹர் தொழுகை முடிந்து கூடத்தில் ஹஜ்ரத் பேச உட்கார்ந்தார். நடுவில் திரை கட்டி, இந்தப் பக்கம் பெண்கள். திரையில் ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தது. மெத்தைக்காரன் பெண்டாட்டிக்குத் தையல் விட்ட இடம் முதலில் கண்ணில் படும். நான் அங்கே உட்கார்ந்தேன். ஹஜ்ரத் ஒல்லியான மனுஷர். முன்பல் ஒன்று இல்லை. நான் நினைத்து வைத்திருந்த ஆகிருதியே இல்லை, தபால்காரர் மாதிரி இருந்தார். என் வீட்டுக்காரர் ஓரத்தில் உட்கார்ந்து, விடிந்ததும் தூக்கில் தொங்கப் போகிறவர் மாதிரி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைய பேச்சு படைப்பைப் பற்றியது. நாள், கிழமை, மேல், கீழ் எதுவும் இல்லாத ஒரு நிலையில் அவன் மட்டும் இருந்தான் என்று ஆரம்பித்தார். அவனுக்குத் தன்னைத் தெரியும். ஆனால் தெரிந்தது போதும் என்று அவன் இருக்கவில்லை, அறியப்பட வேண்டும் என்று பிரியம் கொண்டான். அந்தப் பிரியத்துக்கு இஷ்கு என்று பெயர். வானத்துக்கு முந்தி, பூமிக்கு முந்தி, விதி எழுதின எழுதுகோலுக்கும் அவன் சிம்மாசனமான அர்ஷுக்கும் முந்தி இஷ்குதான் இருந்தது. அதிலிருந்து முதலில் ஓர் ஒளி, நபியின் ஒளி. அந்த ஒளியிலிருந்து மற்றதெல்லாம். நெஞ்சில் அடக்கி வைத்த மூச்சைத் தாள முடியாமல் வெளியே விடுகிறோமே, அந்த மாதிரி அருளாளன் விட்ட மூச்சில்தான் மலையும் கடலும் எறும்பும் நாமும் வந்தோம் என்றார்.

என் வீட்டுக்காரர் விட்டிருக்கிற பெருமூச்சுகளுக்கு இதற்குள் ஏழெட்டு உலகமாவது பிறந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பேச்சு முடிந்ததும், பெண்கள் பக்கமும் கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று ஹஜ்ரத் சொன்னார். வருஷா வருஷம் மரியாதைக்குச் சொல்லுவாராம். யாரும் கேட்டதில்லையாம். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஏதோ ஞானி மாதிரி யோசித்துக் கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். மாசக்கணக்கில் பாத்திரத்தோடு தேய்த்துக்கொண்டிருந்த கேள்வி, வாய் திறந்துவிட்டது.

"எல்லாத்தையும் படைக்கறதுக்கு முன்னாடி அவனுக்கு ஏதாவது குறை இருந்துதுங்களா ஹஜ்ரத்?"

நாத்தனார் என் தொடையைக் கிள்ளினார். திரைக்கு அந்தப் பக்கம் தலைகள் திரும்பின. என் குரலை அடையாளம் கண்டு என் வீட்டுக்காரரும் நிமிர்ந்து பார்த்தார். ஹஜ்ரத் கோபப்படவில்லை.

"இல்லை தாயே. குறை இருந்து படைச்சா அதுக்குப் பேர் தேவை. குறையே இல்லாம படைச்சான். அதனாலதான் அது இஷ்கு."

"அப்போ படைக்காமலே இருந்திருந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். தாடியை ஒருமுறை நீவினார். "படைக்காம இருந்திருந்தாலும் அந்தப் பிரியம் அப்படியே நிறைஞ்சுதான் இருந்திருக்கும். அதுல ஒரு துளி குறைஞ்சிருக்காது" என்றார்.

கூடத்தில் இருந்தவர்கள் சுபஹானல்லா சொன்னார்கள். பதில் நன்றாக இருந்ததற்காகச் சொன்னார்கள். கேள்வி எந்த வயிற்றிலிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. நாத்தனார் என் காதில், இப்படியா சபையில் வாயைத் திறப்பாய் என்று கடிந்துகொண்டார்.

ஓதி முடித்தார்கள். கூடத்தில் துணி விரித்து, ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேராக உட்கார்ந்தார்கள். ஹஜ்ரத் பிஸ்மி சொல்லி முதல் கவளம் எடுத்து வாயில் வைத்தார். நான் தையல் விட்ட இடத்தில் இருந்தேன், நல்ல பெயர் வாங்கக் காத்துக்கொண்டு. அவர் மென்றார். நிறுத்தினார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். அப்புறம் விழுங்கிவிட்டு இரண்டாவது கவளம் எடுத்தார். தண்ணீர் கேட்டார்.

மற்றவர்களும் வாயில் வைத்தார்கள். முப்பது பேர் இருக்கிற கூடம் கப்சிப்பென்று ஆகிவிட்டது. ஹஜ்ரத் சாப்பிடுகிறார், முரீது எப்படித் துப்புவது? எல்லாரும் சாப்பிட்டார்கள். லோட்டா லோட்டாவாகத் தண்ணீர் போயிற்று. கூட்டேரிப்பட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், ஹஜ்ரத் நம்மைச் சோதிக்கிறார், அன்பின் ருசி கண்ணீரின் ருசிதான் என்று காட்டுகிறார் என்று பக்கத்தில் இருந்தவருக்கு மெதுவாக விளக்கம் சொன்னார். பக்கத்தில் இருந்தவருக்கு நிஜமாகவே கண்ணீர் வந்துகொண்டிருந்தது.

நான் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுப்படிக்கு ஓடி, தேக்சாவிலிருந்து ஒரு பிடி எடுத்து ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டோம். ஓதியாகிவிட்டது, இனி உப்புப் பார்க்கலாம்.

"நீ போட்டியா?" என்றார்.

"போட்டேன்க்கா. நீங்க?"

"நானும்தான் போட்டேன்."

இதை யாரிடம் சொல்ல முடியும்? ஹஜ்ரத் தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. என் நெய்ச்சோற்றை அப்படி முழுசாகச் சாப்பிட்டவர் அவருக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒருவர் மிச்சத்தைப் பரக்கத்துக்காக, அந்த அருள் வீட்டுக்கும் கிடைக்கட்டும் என்று, துண்டில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வீட்டில் யாருக்குக் கொடுத்தாரோ பாவம்.

சாயங்கால அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. மற்றவர்கள் கலைந்து போனதும், ஹஜ்ரத் கூடத்தில் இருக்க, என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார, நாத்தனார் திரைக்கு இந்தப் பக்கத்திலிருந்து விஷயத்தை எடுத்தார். நானும் அங்கேதான் இருந்தேன். அவர் அழுதுகொண்டே பேசினார். அழுகை நடிப்பில்லை. தாயில்லாப் பிள்ளையை வளர்த்தேன், அவன் பிள்ளையைப் பார்க்காமல் என் கண் மூடக் கூடாது, வானூர்ப் பெண் வீட்டில் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார். கேட்கிறபோது எனக்கே அவர்மேல் இரக்கம் வந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இவள்மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் எதிலும் நிதானம் கிடையாது, சபையில் கேள்வி கேட்டதைப் பார்த்தீர்கள், இன்றைக்கு என்னைக் கேட்காமல் உப்பை அள்ளிப் போட்டதில் உங்கள் வாய் என்ன பாடுபட்டதோ என்றும் சொல்லிவிட்டார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. பாதி உண்மை. மீதிப் பாதி அவர் கையில் இருந்தது.

ஹஜ்ரத் என் வீட்டுக்காரரைப் பார்த்து, உன் மனசில் என்ன இருக்கிறது, நீ சொல் என்றார்.

அவர் பெருமூச்சு விட்டார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அக்காவுக்கு எதிராக ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததே இல்லை. அக்கா கிழக்கு என்றால் சூரியனே அந்தப் பக்கம் மாறிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறவர். தையல் விட்ட இடத்தின் வழியாக என் கண் அவர்மேலேயே இருந்தது. தாடியில் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது, குளித்தும் போகவில்லை. இந்தத் தாடியை இனிமேல் வேறொருத்தி பார்த்துப் பஞ்சை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"உப்பு நான் போட்டதுங்க ஹஜ்ரத்" என்றார்.

நாத்தனாருக்கு அழுகை நின்றுவிட்டது. "அடுப்பங்கரைப் பக்கமே நீ வரலியேடா. காலைலேருந்து வாசல்ல பாய் விரிச்சிக்கினு இருந்தியே."

"நாந்தாங்க்கா போட்டேன். அது போட்டது சரியாத்தான் இருந்துச்சி. நான் போயி மறுபடியும் போட்டுட்டேன்."

வெளியாட்களுக்கு இது சின்னப் பொய். எங்களுக்கு அப்படியில்லை. ஹஜ்ரத்துக்கு முரீதின் நெஞ்சு திறந்து வைத்த பெட்டி மாதிரி என்று நம்புகிறவர் என் வீட்டுக்காரர். ஹஜ்ரத் ஊரில் இருக்கிற நாட்களில் மனசில்கூடக் கோபப்பட மாட்டார், அவருக்குத் தெரிந்துவிடும் என்பார். அப்படிப்பட்ட மனுஷர் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, தெரியும் என்று தெரிந்தே பொய் சொன்னார். காது மடல் இரண்டும் சிவந்துபோயிருந்தது. அப்புறம், யாரும் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னார்.

"எனக்குக் குறை ஒண்ணும் இல்லீங்க ஹஜ்ரத்."

குரல் ரொம்ப மெதுவாக இருந்தது. நான் கேட்ட கேள்வியை அந்தக் கூடத்தில் ஒரு ஆள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

ஹஜ்ரத் அவரை ஒருமுறை பார்த்தார். அப்புறம் திரைப் பக்கம் திரும்பி நாத்தனாரிடம், "குறை இல்லைன்னு சொல்றானே தாயே. குறை இல்லாதவனுக்கு நான் அல்லாகிட்ட என்னன்னு துஆ கேக்கறது?" என்றார். அவ்வளவுதான் அவர் தீர்ப்பு. அப்புறம் இன்னொரு லோட்டா தண்ணீர் கேட்டார். நாத்தனார்தான் எடுத்துக்கொண்டு போய்த் திரைக்கு அடியில் நீட்டினார்.

திரும்பும் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தோம். மயிலம் தாண்டியாயிற்று. நான்தான் கேட்டேன், பெரியவர்கிட்ட எதுக்குங்க பொய் சொன்னீங்க என்று. அவர் ரொம்பக் கவலையாகத்தான் இருந்தார். அந்தப் பொய்யை என்ன செய்வது என்று திண்டிவனத்திலிருந்து யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"பொய்யா போவக் கூடாது. இனிமே பாத்திஹா சோத்துக்கு உப்பு நானே போட்டுடறேன்."

சொன்னபடி செய்தார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டிலும் சின்னதாக ஒரு பாத்திஹா ஓத ஆரம்பித்தோம். உலை கொதித்ததும் கடையிலிருந்து எழுந்து வருவார், கை கழுவுவார், ஜாடியைத் திறப்பார். பஞ்சை எடை பார்க்காமல் கையாலேயே சொல்லிவிடுகிறவர் அவர். உப்பில் அந்தக் கை எடுபடவில்லை. முதல் வருஷம் பயந்துபோய் ஒரு சிட்டிகை போட்டார், சோறு சப்பென்று இருந்தது. மறு வருஷம் அதைச் சரிக்கட்டுகிறேன் என்று அள்ளிப் போட்டார். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உப்புப் பார்க்கவும் கூடாது, உப்புப் போடுகிறவரைத் திருத்தவும் எனக்கு மனசு வராது. யுத்தத்தில் அரிசி கிடைக்காத வருஷம் கேப்பைக் கூழில் பாத்திஹா ஓதினோம். அந்தக் கூழிலும் பஞ்சு மிதந்தது, உப்பு தூக்கலாக இருந்தது.

நாத்தனார் மூன்றாவது வருஷம் வந்தார். வீம்பு பிடித்தவர், ஆனால் தம்பியைப் பார்க்காமல் இருக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு இரண்டு லோட்டா தண்ணீர் குடித்தார். அதற்கடுத்த வருஷத்திலிருந்து திண்டிவனத்தில் ரயில் ஏறுகிறபோதே ஒரு பானை மோர் கொண்டு வந்துவிடுவார். வயிற்றைப் பார்ப்பது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. பானையை வாங்கிக்கொள்ள நான் கை நீட்டுவேன், அவர் என் கையைப் பார்ப்பார், அப்புறம் முகத்தைப் பார்ப்பார்.

ஹஜ்ரத்தும் ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கே வந்தார். கடையில் மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதல் கவளம் உள்ளே போனதும் கண்ணை மூடித் திறந்தார்.

"யார் போட்ட உப்பு?"

"நாந்தாங்க ஹஜ்ரத்" என்றார் என் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. இந்தத் தடவை அது உண்மை. ஹஜ்ரத் சிரித்தார். அந்த இல்லாத பல்லோடு சிரித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிள்ளை பிறக்கவில்லை. பிறந்திருந்தால் கதைக்கு நன்றாக இருக்கும், ஆனால் பிறக்கவில்லை. சில நாள் எனக்கு அழுகை வரும். அவருக்கும் வந்திருக்கும், பெருமூச்சில் கரைத்துவிடுவார். குறை இல்லை என்று சபையில் சொன்னது நூற்றுக்கு நூறு நிஜமா என்று நான் கேட்கவே இல்லை. தொட்டில் மெத்தை தைக்கிறபோது அவர் கை கொஞ்சம் மெதுவாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் என்னிடம் அவர் பிரியம் குறைந்த நாள் ஒன்று எனக்கு ஞாபகத்தில் இல்லை.

பஞ்சு அடிக்கிறவர்களுக்கு நெஞ்சில் பஞ்சு தங்கும். வெள்ளைக்காரன் போன மறு வருஷம் அவருக்கு இருமல் முற்றிவிட்டது. வில்லை எடுக்க முடியாமல் படுத்துவிட்டார். நல்ல இலவம் பஞ்சில் அவருக்கென்று ஒரு மெத்தை தைக்கச் சொல்லி ஆள் வைத்தேன். அதுவரை எங்கள் வீட்டில் நாங்கள் படுத்தது பாயில்தான். ஒரு சாயங்காலம் நான் பக்கத்தில் இருக்கும்போது நீளமாக ஒரு மூச்சு விட்டார். வழக்கமான பெருமூச்சு என்றுதான் நினைத்தேன். அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன்.

அந்த வருஷ பாத்திஹாவை விட்டுவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. உலை கொதித்தது. கடைப் பக்கம் படுதாவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் நானே ஜாடியைத் திறந்து, என் கை அளவுக்கு உப்பைப் போட்டேன். நாத்தனார் வழக்கம்போல மோர்ப் பானையோடு ரயிலில் வந்து இறங்கினார்.

ஓதி, பரிமாறி, எல்லாரும் சாப்பிட்டார்கள். சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். யாரும் தண்ணீர் கேட்கவில்லை. கடைசியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டில் உட்கார்ந்தோம். நாத்தனார் ஒரு கவளம் வாயில் வைத்தார். மென்றார். நிறுத்தினார்.

"உப்பு சரியா இருக்குதுடி" என்றார்.

ஆமாம்க்கா என்றேன். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. தட்டை நடுவில் வைத்துக்கொண்டு அழுதோம். மோர் பானையோடு அப்படியே இருந்தது.